இருபது வரை எண்ணியும் முடியாத ஊசி: ஒரு மருந்து–கருவிக் கூட்டுத் தயாரிப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

முடக்குவாத நோயாளிகளுக்கான ஒரு புரத மருந்து மூன்று வடிவங்களைக் கடந்து வந்தது. முதல் ஆய்வுகளில் செவிலியர் அதைக் குப்பியிலிருந்து உறிஞ்சிப் போட்டார். அடுத்து, மருந்து நிரப்பியே வரும் கண்ணாடி சிரிஞ்ச். கடைசியாகத் தானியங்கி ஊசிக்கருவி: நோயாளி வீட்டிலேயே தொடையில் வைத்து அழுத்தினால் ஊசி இறங்கும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மருந்தைத் தள்ளிவிடும். இந்த மூன்றாவது வடிவத்தில் நடந்ததை இங்கே பதிவுசெய்கிறேன். அப்போது நான் கருவிக் குழுவில் சோதனைப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தேன். நிறுவனத்தையும் ஆட்களையும் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

முடக்குவாதம் பெரும்பாலும் விரல் மூட்டுகளைத் தாக்கும் நோய். வீங்கிய கட்டைவிரலால் சிரிஞ்சின் தண்டை அழுத்துவது பலருக்கு வேதனை, சிலருக்கு இயலாத காரியம். ஸ்பிரிங் அந்த வேலையை ஏற்றுக்கொண்டால் அவர்கள் ஒவ்வொரு முறையும் மருத்துவமனைக்கு வர வேண்டியதில்லை. இந்தத் திட்டத்தில் நான் சேர்ந்ததற்கே அதுதான் காரணம்.

கருவியை நாங்கள் புதிதாக வடிவமைக்கவில்லை. வேறொரு மருந்துடன் ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்த கருவியை வெளி உற்பத்தியாளரிடமிருந்து எடுத்துக்கொண்டோம். ‘நிரூபணமான கருவி, நிரூபணமான மருந்து, இரண்டையும் சேர்ப்பதுதான் வேலை’ என்று திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தது. பின்னால் வந்த பிழைகளுக்கெல்லாம் விதை அந்த வரியில் இருந்தது என்று இன்று நினைக்கிறேன்.

அதுவரை போட்டுவந்த மருந்தின் அளவு, கருவிக்குள் பொருந்தும் ஒரு மில்லிலிட்டர் சிரிஞ்சுக்குள் அடங்காது. அடக்குவதற்காகப் புரதத்தின் செறிவை உயர்த்தினார்கள். புரதக் கரைசலில் செறிவு ஏற ஏறப் பாகுத்தன்மை சீராக ஏறாது. ஓர் எல்லைக்குமேல் செங்குத்தாக ஏறும். அந்தக் கருவியில் முன்பு இருந்த மருந்து ஏறக்குறைய தண்ணீர்போல ஓடக்கூடியது. எங்களுடையது அப்படி இல்லை.

விதிகள் கேட்டதும் நாங்கள் புரிந்துகொண்டதும்

அமெரிக்காவில் மருந்தும் கருவியும் சேர்ந்த தயாரிப்பை எந்தப் பிரிவு மதிப்பிடும் என்பதை அதன் முதன்மையான செயல்முறை தீர்மானிக்கிறது. மருந்து பூசிய இதய ஸ்டென்ட் 2003இல் அங்கே அனுமதி பெற்றபோது கருவியாகவே மதிப்பிடப்பட்டது. இரத்தக்குழாயைத் திறந்து வைப்பதுதான் அதன் முதல் வேலை, மருந்து அதற்குத் துணை. எங்கள் ஊசியில் இது தலைகீழ்: நோயைக் கட்டுப்படுத்துவது புரதம், கருவி அதைக் கொண்டுசேர்ப்பது. ஆகவே மருந்துக்கான பிரிவே தலைமை. ஆனால் 2013இல் வந்த விதியின்படி, மருந்துத் தொழிற்சாலைக்குரிய தர முறையோடு கருவிக்குரிய வடிவமைப்புக் கட்டுப்பாடு, கொள்முதல் கட்டுப்பாடு, திருத்தும்–தடுக்கும் நடவடிக்கை ஆகியவையும் இருந்தாக வேண்டும். ஐரோப்பாவில் 2021 மே மாதம் முதல் நடைமுறைக்கு வந்த மருத்துவக் கருவிகள் சட்டத்தின் 117ஆம் பிரிவு, இதுபோன்ற பிரிக்க முடியாத தயாரிப்புகளில் கருவிப் பகுதியைப் பற்றிச் சான்றளிக்கும் அமைப்பின் கருத்தையும் பெரும்பாலும் கேட்கிறது.

இவற்றையெல்லாம் ஆவணப் பணியாகவே எடுத்துக்கொண்டோம். மருந்துக் குழு தன் கோப்பை எழுதியது, கருவிக் குழு தன் கோப்பை எழுதியது. இரண்டையும் ஒரே உறையில் வைத்து அனுப்பினோம். மாதம் ஒருமுறை கூட்டம். அதில் அவர்கள் புரதத் திரட்சி, காலாவதி, தொகுதி எண் என்று பேசுவார்கள். நாங்கள் அளவு விலகல், இடர் மதிப்பீடு என்று பேசுவோம். ஒருவர் பேசும்போது மற்றவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். கேள்வி கேட்டவர் யாருமில்லை.

முதலில் தென்பட்டவை

கடைசிக்கட்ட ஆய்வின் ஒரு பகுதியாக நோயாளிகள் வீட்டில் ஊசி போட்டுக்கொள்ளத் தொடங்கிய நான்காவது மாதம் முதல் புகார் வந்தது. கருவியை எடுத்தபின் தோலின்மேல் ஈரம் இருந்ததாம். திருப்பி அனுப்பிய கருவியைப் பிரித்துப் பார்த்தோம். ஸ்பிரிங், பூட்டு, ஊசிக் காப்புறை எல்லாம் வரைபடத்தில் சொன்ன அளவுக்குள் இருந்தன. ‘பயனர் முன்னதாகவே எடுத்துவிட்டார்’ என்று எழுதிப் புகாரை முடித்தோம். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது புகாரை முடித்துக் கையெழுத்திட்டவன் நான்.

நான்காவது புகாரோடு ஓர் ஆய்வு மையச் செவிலியர் தாமே ஒரு பக்கக் குறிப்பு எழுதி இணைத்திருந்தார். படிவத்தில் அதற்கு இடமில்லை, பின்பக்கத்தில் எழுதியிருந்தார். சம்பந்தப்பட்ட அம்மா மிகவும் கவனமானவர். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் போட்டுக்கொண்டார், கையேட்டில் சொன்ன அரை மணி நேரம் காத்திருக்கவில்லை. ஆனால் பதினைந்து வினாடி பிடிக்கச் சொன்ன இடத்தில் அவர் இருபது வரை எண்ணினார். மணிக்கட்டு வளையாததால் கருவியைச் சாய்த்துப் பிடித்திருந்தார். மருந்து முடிந்ததைக் காட்டும் சாளரம் அவர் கைக்கு அடியில் மறைந்திருந்தது. ‘இருபது வரை எண்ணினேன் அம்மா, நான் என்ன தவறு செய்தேன்?’ என்று அவர் கேட்டதாகச் செவிலியர் எழுதியிருந்தார்.

இருபது வினாடி என்ற எண்தான் எங்களை நிறுத்தியது. எங்கள் அறையில் அந்தக் கருவி ஏழு வினாடியில் வேலையை முடித்துவிடும்.

காரணத்தைத் தேடியது

முதலில் எங்கள் சோதனைகளையே சந்தேகித்தோம். ஊசி வழி மருந்துக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 11608 தரநிலை 5, 23, 40 டிகிரி வெப்பநிலைகளில் சோதிக்கச் சொல்கிறது. அதைச் செய்திருந்தோம். ஆனால் மருந்தின் விலையை எண்ணிப் பதிலித் திரவம் பயன்படுத்தியிருந்தோம்: கிளிசரின் கலந்த நீர், 23 டிகிரியில் மருந்தின் பாகுத்தன்மைக்குச் சமமாக வரும்படி கலந்தது. 23 டிகிரியில் மட்டும்தான் அது சமம். 5 டிகிரியில் உண்மையான மருந்து அதைவிட அதிகமாகத் தடித்தது. புதிய சிரிஞ்சில் உண்மையான மருந்தை நிரப்பிக் குளிரில் இயக்கியபோது ஏழு வினாடி பன்னிரண்டாகியது.

அதுவும் இருபதுக்கு வரவில்லை. அந்த இடத்தில் இரண்டு நாள் தடுமாறினோம். பிறகு மருந்துக் குழுவில் நிலைத்தன்மைச் சோதனையை (மருந்து காலப்போக்கில் மாறாமல் இருக்கிறதா என்ற சோதனையை) பார்க்கும் ஓர் இளம் ஆய்வாளர், ‘என்னிடம் பதினான்கு மாதப் பழைய சிரிஞ்சுகள் இருக்கின்றன, கருவியில் பொருத்திப் பார்க்கலாமா?’ என்று கேட்டார். இவ்வளவு காலத்தில் பழைய சிரிஞ்சைக் கருவிக்குள் வைத்து யாரும் இயக்கியதில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. சிரிஞ்ச் அவர்களுடைய குளிரறையில் முதுமை அடைந்தது. கருவி எங்களுடைய அலமாரியில் முதுமை அடைந்தது. இரண்டும் சேர்ந்து முதுமை அடையவே இல்லை.

பழைய சிரிஞ்சைப் பொருத்தி 5 டிகிரியில் முப்பது கருவிகளை இயக்கினோம். பெரும்பாலானவை இருபது வினாடியைத் தாண்டின. இரண்டு, முடியும் தறுவாயில் ஒரு கணம் நின்று, பிறகு நகர்ந்தன. அந்த நிற்றலை நான் கண்ணால் பார்த்தேன். வீட்டில் அதைக் கையில் பிடித்திருப்பவர், முடிந்துவிட்டது என்றுதான் எடுத்திருப்பார்.

இயந்திரத்தின் உள்ளே நடந்ததைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் படிப்பினை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. கண்ணாடிக் குழலுக்குள் ரப்பர் அடைப்பான் வழுக்கிச் செல்ல மெல்லிய சிலிகோன் எண்ணெய்ப் பூச்சு உண்டு. எங்கள் சிரிஞ்ச் உற்பத்தியாளர் அதைக் குழலின் வாயிலிருந்து, அசையாத முனை வழியாகத் தெளித்தார். அப்படித் தெளித்தால் ஊசிப் பக்கத்து ஓரத்தில் பூச்சு மெலிந்து போகும். மாதங்கள் செல்லச் செல்ல எண்ணெய் இடம்பெயரும். புரதம் கண்ணாடியில் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் பரப்பு இழுவிசைக் குறைப்பான் அதில் கொஞ்சத்தைக் கழுவிக்கொண்டு போகும். ஆக, பழைய சிரிஞ்சில் உராய்வு மிக அதிகமாக இருக்கும் இடம் பயணத்தின் கடைசிப் பகுதி. ஸ்பிரிங்கோ விரிய விரிய வலு இழக்கும்; அதன் விசை மிகக் குறைவாக இருப்பதும் அதே கடைசிப் பகுதியில்தான். அதோடு குளிரில் மருந்து தடித்துவிட்டது. மூன்றும் ஒரே இடத்தில் சந்தித்தன.

மருந்துக் குழு பழைய சிரிஞ்சுகளின் உராய்வு விசையை அளக்காமல் இல்லை. ஒழுங்காக அளந்து, வரம்புக்குள் இருப்பதாகப் பதிந்திருந்தார்கள். ஆனால் அந்த வரம்பு கையால் அழுத்தும் சிரிஞ்சுக்கு வகுத்தது. கட்டைவிரல் தடை வந்தால் இன்னும் கொஞ்சம் அழுத்தும். ஸ்பிரிங்குக்கு அது தெரியாது. அவர்கள் வரம்பு அவர்களுக்குச் சரி. எங்கள் ஸ்பிரிங்கின் கடைசி மில்லிமீட்டருக்கு அது பொருந்துமா என்று கேட்க வேண்டியவர் யார் என்று எந்த ஆவணத்திலும் எழுதப்படவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

உடனடி முடிவு வீட்டு ஊசியை நிறுத்திவைப்பதா, வேண்டாமா என்பது. ‘அரை மணி நேரம் வெளியில் வையுங்கள், முப்பது வினாடி பிடியுங்கள்’ என்று எல்லோருக்கும் கடிதம் அனுப்பினால் போதும் என்று ஒரு தரப்பு வாதிட்டது. அது வெறும் பிடிவாதம் அல்ல. நிறுத்தினால் ஆய்வின் தரவு சிதையும், தொலைவிலிருந்து வருகிறவர்கள் விலகிவிடுவார்கள் என்ற நியாயமான கவலை அதில் இருந்தது. ஆனால் காத்திருக்கச் சொல்லும் அறிவுரை முதல் நாளிலிருந்தே கையேட்டில் இருந்தது, பலர் காத்திருக்கவில்லை. வலியோடு இருப்பவர் அரை மணி நேரம் காத்திருப்பார் என்ற நம்பிக்கையை மட்டும் வைத்து, முழு அளவு மருந்து போய்ச் சேரும் என்று இருந்துவிட முடியாது. அதோடு, புரத மருந்து குறைவாகவும் விட்டுவிட்டும் உடலுக்குள் போனால் அதற்கு எதிரான நோய் எதிர்ப்பு உருவாகும் வாய்ப்பு கூடலாம். அப்படி உருவானால் பின்னர் முழு அளவு கொடுத்தாலும் பயன் குறையும். இந்த இரண்டாவது காரணம்தான் தயங்கியவர்களையும் சம்மதிக்கவைத்தது. நெறிமுறைக் குழுவுக்கும் ஒழுங்குமுறை அமைப்புகளுக்கும் தெரிவித்துவிட்டு, எல்லோரையும் செவிலியர் போடும் சிரிஞ்சுக்கு மாற்றினோம்.

நிரந்தரத் தீர்வு சுலபமாக அமையவில்லை. எதைத் தொட்டாலும் இன்னொன்று அசைந்தது. வலுவான ஸ்பிரிங் போடலாம் என்பதுதான் கருவிக் குழுவின் முதல் எண்ணம். ஆனால் அது அழுத்தப்பட்ட நிலையில் இரண்டு ஆண்டுகள் பிளாஸ்டிக் கூட்டுக்குள் காத்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் மெல்ல வளையும். இயங்கும் கணத்தில் தண்டு அடைப்பானை மோதும் வேகம் கூடும், கண்ணாடி உடையும் அபாயம் கூடும். சிலிகோனைக் கூட்டலாம் என்றபோது மருந்துக் குழு மறுத்தது: எண்ணெய்த் துளிகளைச் சுற்றிப் புரதம் திரளக்கூடும். அவர்கள் அச்சத்துக்கு வரலாறு உண்டு. 1998க்குப் பின் சில ஆண்டுகளில், இரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எப்போயெட்டின் மருந்தின் ஒரு வகையில், கலவை மாற்றத்துக்குப் பிறகு சில நோயாளிகளுக்கு அந்த மருந்தை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் உருவாகிச் சிவப்பணு உற்பத்தியே நின்றுபோனது. முன்நிரப்பு சிரிஞ்சின் பூச்சில்லாத ரப்பரிலிருந்து கசிந்த பொருள்கள் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று முன்வைக்கப்பட்டது. கொள்கலனில் நடக்கும் சிறு மாற்றம் உடலில் எங்கே போய் நிற்கும் என்பதற்கு மருந்துத் துறையில் இருப்பவர்கள் மறக்காத எச்சரிக்கை அது.

செறிவைக் குறைத்து இரண்டு ஊசியாகப் பிரிக்கலாம் என்ற யோசனையை நோயாளிகள் தரப்பு ஆலோசகர் ஒரே வாக்கியத்தில் நிராகரித்தார். நாங்களும் வற்புறுத்தவில்லை.

மிஞ்சியது ஊசி. குழாய் வழியே திரவம் போகத் தேவையான அழுத்தம், உள் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்மாறாக மாறும். உட்துளை சிறிதளவு அகன்றாலே தடை பெருமளவு குறையும். ஊசியின் வெளித்தடிமனை அப்படியே வைத்து, சுவரை மட்டும் மெலிதாக்கிய ஊசியைத் தேர்ந்தெடுத்தோம். தோலில் குத்தும் வலி அதிகரிக்காது, உள்ளே வழி அகலும். சிலிகோன் அளவைக் கூட்டாமல், குழலுக்குள் இறங்கிச் சென்று சீராகத் தெளிக்கும் முனைக்கு உற்பத்தியாளரை மாறச் சொன்னோம். ஸ்பிரிங்கைத் தொடவில்லை.

இதற்குக் கொடுத்த விலை காலம். ஊசி மாறினால் சிரிஞ்ச் புதிது. சிரிஞ்ச் புதிதானால் நிலைத்தன்மைச் சோதனை பூச்சியத்திலிருந்து. அதோடு பயன்பாட்டுச் சோதனையை மீண்டும் நடத்தினோம். அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஒவ்வொரு பயனர் பிரிவிலும் குறைந்தது 15 பேரைச் சேர்க்கச் சொல்கிறது. இம்முறை விரல் மூட்டுகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களைத் தனிப் பிரிவாக வைத்தோம், கருவியைக் குளிர்ந்த நிலையிலேயே கையில் கொடுத்தோம். தொடங்கும்போது எழும் ‘டிக்’ ஒலியை முடிவின் ஒலி என்று சிலர் எடுத்துக்கொள்வது அதில் தெரிந்தது. முடிவுக்கான ஒலியை மாற்றினோம், சாளரத்தை இரு பக்கமும் தெரியும்படி நீட்டினோம்.

பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீடு

அந்த மாதங்களில் மூவருக்கு நோய் மீண்டும் தீவிரமானது. ஒருவர் வேலைக்குப் போக முடியாமல் இருந்தார். ஆய்வின் ஒப்புதல் படிவத்தில் ‘ஆய்வு மருந்தால் ஏற்படும் பாதிப்புக்கு’ சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்று எழுதியிருந்தது. காப்பீட்டாளர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்: மருந்து யாரையும் பாதிக்கவில்லை, மருந்து போய்ச் சேரவில்லை, தீவிரமானது அவர்களுக்கு ஏற்கெனவே இருந்த நோய்.

நெறிமுறைக் குழு இதை ஏற்கவில்லை. ஆய்வில் சோதிக்கப்படுவது மருந்தும் கருவியும் சேர்ந்த ஒரே பொருள். அதில் எந்தப் பகுதி தவறினாலும் அது ஆய்வால் நேர்ந்த பாதிப்பே என்றது. ஒழுங்குமுறைக் கோப்பில் ‘பிரிக்க முடியாத தயாரிப்பு’ என்று எழுதிவிட்டு, இழப்பீடு கேட்கும்போது மட்டும் பிரிப்பது சரியல்ல என்பது என் கருத்தும். இருவருக்கு எந்தெந்த ஊசி குறைந்தது என்பது குறிப்பேட்டிலிருந்து தெளிவாகத் தெரிந்தது. சிகிச்சை, இழந்த ஊதியம், பயணம் ஆகியவை தரப்பட்டன. மூன்றாமவருக்கு அப்படிக் காட்ட முடியவில்லை. அவருடைய புகார் ‘பயனர் பிழை’ என்று முடிக்கப்பட்டு, கருவியும் அப்புறப்படுத்தப்பட்டிருந்தது. சான்றை அழித்தது நாங்கள். அது இல்லாத பாரத்தை அவர்மேல் சுமத்தக் கூடாது என்று எழுத்து மூலம் கேட்டேன். நீண்ட விவாதத்துக்குப் பின் அவருக்கும் வழங்கப்பட்டது. முடிவுக்கு ஏழு மாதங்கள் ஆயின. உடம்பு வலிக்கும் ஒருவருக்கு ஏழு மாதம் என்பது மிக நீளம்.

பின்னர் நடந்தவை

புதிய ஊசியும் புதிய பூச்சும் உள்ள சிரிஞ்சைக் கருவியில் பொருத்தி, பொருத்திய நிலையிலேயே முதுமைப்படுத்தி, குளிரிலும் கீழே போட்ட பின்னும் இயக்கிப் பார்த்தோம். எந்தக் கருவியும் பயணத்தின் நடுவில் நிற்கவில்லை; மிக மெதுவானதும் பதினைந்து வினாடிக்குள் முடித்தது. வீட்டு ஊசி மீண்டும் தொடங்கியது. பெரும்பாலானோர் திரும்பினர். இருபது வரை எண்ணிய அம்மா திரும்பவில்லை. செவிலியர் கையால் போட்டுக்கொள்வதே தமக்கு நிம்மதி என்றார்.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

சிரிஞ்சின் உராய்வு வரம்பு இப்போது ஸ்பிரிங்கின் கடைசி மில்லிமீட்டர் விசையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடப்படுகிறது. பதிலித் திரவத்தில் செய்த சோதனையை எந்த முடிவுக்கும் தனிச் சான்றாக ஏற்பதில்லை. தெளிக்கும் முனையை மாற்றினாலும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று சிரிஞ்ச் உற்பத்தியாளருடனான ஒப்பந்தத்தில் சேர்த்தோம். முன்பு அது அவர்களுடைய உள்விவகாரமாக இருந்தது. புகார் படிவத்திலிருந்து ‘பயனர் பிழை’ என்ற தெரிவை நீக்கி, அதன் இடத்தில் கருவியின் வெப்பநிலை, சிரிஞ்சின் வயது, பிடித்த நேரம் ஆகிய மூன்று கேள்விகளை வைத்தோம். திரும்பி வரும் கருவிகளை ஆய்வு முடியும்வரை வைத்திருக்கிறோம். ஒப்புதல் படிவத்தில் ‘ஆய்வு மருந்து’ என்றிருந்தது ‘ஆய்வில் பயன்படும் மருந்து, கருவி, அல்லது மருந்தின் அளவு குறைதல்’ என்று மாறியது.

இரண்டு குழுக்களுக்கும் மேலே, இணைப்புக்கு மட்டும் பொறுப்பேற்கும் ஒருவரை நியமித்தார்கள். பழைய சிரிஞ்சைக் கொண்டுவந்த அந்த ஆய்வாளரே அவர். அந்தப் பொறுப்பு திட்டத்தின் முதல் மாதத்திலேயே இருந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. புகார் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிய செவிலியருக்கு நாங்கள் கண்டறிந்ததை முழுவதுமாக எழுதி அனுப்பினோம். அதையும் இன்னும் முன்பே செய்திருக்கலாம்.

பொருத்திய நிலையில் வைக்கப்பட்ட கருவிகள் இதுவரை பதினெட்டு மாதத்தைக் கடந்திருக்கின்றன. இருபத்துநான்காம் மாதத்துக்குரியவை இன்னும் குளிரறையில் இருக்கின்றன. அவற்றை இயக்கிப் பார்க்கும்வரை காலாவதித் தேதியைப் பதினெட்டு மாதத்துக்கு மேல் நீட்டுவதில்லை என்று இரு குழுக்களும் ஒரே தாளில் கையெழுத்திட்டிருக்கின்றன.